மலையிலிருந்து அறுகம்குடாவுக்கு: முதல் தடவை கடலுக்குப் போகிற குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊவா மலைப் பக்கம் இருக்கிறவர்களுக்குக் கடல் அப்படியொன்றும் தூரத்தில் இல்லை. எல்லயிலிருந்து அறுகம்குடா ஏறத்தாழ 135 கிலோமீட்டர். வேனில் மூன்று, மூன்றரை மணி நேரம். பஸ் மாறி மாறிப் போனாலும் விடியற்காலையில் கிளம்பினால் பின்னேரத்துக்குள் மணலில் நிற்கலாம். அப்படியிருந்தும் லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, பேரப்பிள்ளைகளையும் வளர்த்துவிட்ட எத்தனையோ அம்மாமார் இன்னும் கடலில் கால் நனைத்ததில்லை. கேட்டால், "அது வெள்ளைக்காரங்க பலகை தூக்கிட்டுப் போற இடம், நமக்கு அங்க என்ன வேலை" என்பார்கள். அந்தக் கடற்கரையில் அவர்களுக்கும் இடம் இருக்கிறது. அங்கே போய்த் தமிழிலேயே அறை கேட்கலாம், தமிழிலேயே மீன் விலை பேசலாம், கடல் இன்றைக்கு எப்படி என்று கரையில் வலை பிரிக்கிற ஐயாவிடம் தமிழிலேயே விசாரிக்கலாம். கொழும்பில் இருந்து வருகிறவர்களை விட நமக்கு அது எளிதான ஊர்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். டவுன் என்றால் பொத்துவில். அம்பாறை மாவட்டத்தின் தெற்குக் கோடியில் இருக்கிறது, கடை, வங்கி, பஸ் நிலையம், ஆதார வைத்தியசாலை எல்லாம் அங்கேதான். அங்கிருந்து தெற்கே மூன்று கிலோமீட்டர் அளவில், களப்பின் மேல் உள்ள பாலத்தைத் தாண்டினால் உல்லைக் கிராமமும் அறுகம்குடாவும். பஸ்ஸில் "அறுகம்பே" என்று சொன்னாலும் இறக்கிவிடுவார்கள். முஸ்லிம்களும் தமிழர்களும் சிங்களவர்களும் சேர்ந்து வாழ்கிற பகுதி, மீன்பிடியும் நெல்லும்தான் பழைய தொழில்கள், சுற்றுலா பிறகு வந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் அந்தப் பாலமும் கரையோரத்து வீடுகளும் போய்விட்டன. இப்போது நீங்கள் தாண்டுகிற பாலம் அதற்குப் பிறகு கட்டியது. வயதானவர்களிடம் பேசும்போது இதை நினைவில் வையுங்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நாமாகத் துருவ வேண்டாம்.

எப்போது போவது

இது சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது. கிழக்குக் கடல் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நல்ல முகம் காட்டும். ஊவாத் தேயிலைக்குத் தனி வாசனை கொடுக்கிற அந்த வறண்ட கச்சான் காற்று ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வீசுமே, அந்த மாதங்களில் பொத்துவில் பக்கம் வானம் வெளுத்துப் போயிருக்கும், மழை அபூர்வம். நவம்பரில் வடகீழ் பருவமழை தொடங்கியதும் எல்லாம் மாறிவிடும். கடல் கலங்கி, அலை தாறுமாறாக அடிக்கும். விடுதிகளில் பல மூடிக் கிடக்கும். நம் பக்கத்திலும் அதே மழையில் மண்சரிவு, ரோட்டு மூடல், ரயில் நிறுத்தம் என்று வரும். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை அங்கே குடும்பத்தோடு போகாதீர்கள். டிசம்பர் லீவில்தான் போக முடியும் என்றால் தெற்கே மிரிஸ்ஸ, மாத்தறைப் பக்கம் போங்கள், அந்த மாதங்களில் அந்தக் கடல்தான் அமைதி.

தோட்டத்தில் வேலை செய்கிற குடும்பங்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. கையில் கொஞ்சம் பணம் புரளுவது தீபாவளி முற்பணம் வரும்போது, அதாவது ஒக்டோபர், நவம்பரில். கடல் கூடாத நேரமும் அதுதான். அதனால் அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து வைப்பதோ, நாலைந்து வீடு சேர்ந்து பயணத்துக்கென்றே ஒரு சீட்டுப் போடுவதோ நல்லது. அடுத்த ஓகஸ்ட் பள்ளிக்கூட லீவில் போகலாம். வார நாளாகப் பாருங்கள். போயாவோடு சேர்ந்து மூன்று நாள் லீவு வந்தால் கொழும்பிலிருந்தும் ஆட்கள் வந்து குவிவார்கள், அறை வாடகை ஏறும், ரோட்டும் நெரியும். ஒரு பேர், இரண்டு பேர் (ஒரு நாள், இரண்டு நாள் சம்பளம்) போனாலும் பரவாயில்லை என்று செவ்வாய், புதன் கிழமையில் போகிறவர்களுக்கு அறையில் மிச்சமாகிற காசு அந்தப் பேரை ஓரளவு ஈடுகட்டிவிடும்.

இரண்டு இரவு தங்குவதுதான் சரி. ஒரே நாளில் போய்த் திரும்புகிற பயணத்தில் கடல் பார்ப்பது நடு மதிய வெயிலில் ஒரு மணி நேரம்தான், மிச்சமெல்லாம் வேன் சீட்டு.

பாதை

பண்டாரவளை, எல்ல, தெமோதரைப் பக்கம் உள்ளவர்களுக்கு எல்ல வழியாக வெல்லவாய இறங்கி, அங்கிருந்து மொனராகலை, சியம்பலாண்டுவ, லாகுகல, பொத்துவில். அப்புத்தளை, ஹல்துமுல்லைக்காரர்கள் பெரகலையிலிருந்து கொஸ்லாந்தை வழியாக வெல்லவாய போகலாம். 220 மீட்டர் உயரமான தியலும நீர்வீழ்ச்சி அந்த ரோட்டோரமே தெரியும். பதுளை, பசறை, லுணுகலைப் பக்கத்தவர்கள் வெல்லவாய வரைக்கும் சுற்ற வேண்டியதில்லை, பசறையிலிருந்து படல்கும்புர வழியாக நேரே மொனராகலை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் என்றால் முதல் நாளே பண்டாரவளைக்கோ பதுளைக்கோ வந்து, சொந்தக்காரர் வீட்டில் படுத்து, காலையில் கிளம்புவது உடம்புக்கு நல்லது. ரயிலில் வருகிறவர்கள் பாதை திறந்திருக்கிறதா என்று முதல் நாள் ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்தளை, கண்டிக்காரர்களுக்கு இந்த வழி நீளம், அவர்களுக்குத் திருகோணமலையும் நிலாவெளியும்தான் வசதி.

பஸ்ஸில் போவதாக இருந்தால் மொனராகலைதான் முக்கியமான மாற்றுமிடம். எங்கிருந்து வந்தாலும் முதலில் அங்கே சேருங்கள், பிறகு பொத்துவில் பக்கம் அல்லது அக்கரைப்பற்றுப் பக்கம் போகிற பஸ் எது என்று கேளுங்கள். நேரடி பஸ் இருக்கிறதா என்று உங்கள் டவுன் பஸ் நிலையத்தின் நேரக் காப்பாளரிடம் முதல் நாள் விசாரித்து வைப்பது நல்லது. நேரங்கள் மாறிக்கொண்டே இருக்கும், மற்றவர்கள் சொன்னதை நம்பிப் போகாதீர்கள். மொனராகலைக்கு எப்படியும் காலை பத்து மணிக்குள் வந்துவிடப் பாருங்கள். பொத்துவிலில் இறங்கினால் அறுகம்குடாவுக்கு முச்சக்கர வண்டி, ஏறுவதற்கு முன் விலை பேசிக்கொள்ளுங்கள்.

வேன் பிடிக்கிறவர்கள் ஓட்டுநரிடம் எல்லாவற்றையும் முன்னாலேயே பேசிவிட வேண்டும்: கிலோமீட்டர் கணக்கா மொத்தக் கணக்கா, அங்கே சுற்றுவதும் சேர்த்தியா, அவருடைய சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு. அப்புறம் பிரேக். இதை வெட்கப்படாமல் கேளுங்கள். எல்ல–வெல்லவாய ரோட்டில் 1000 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து சமதரைக்கு ஒரே இறக்கமாக இறங்குகிறோம். 2025 செப்டம்பரில் இதே ரோட்டில் இரவு நேரத்தில் ஒரு சுற்றுலா பஸ் பள்ளத்தில் விழுந்து குறைந்தது 15 பேர் இறந்தார்கள். ஆகவே பகல் வெளிச்சத்தில் மட்டும் இறங்குங்கள், பகல் வெளிச்சத்தில் மட்டும் ஏறுங்கள். சின்ன கியரில் இறங்கச் சொல்லுங்கள். பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டியிருந்தால் வேனில் உள்ள பெரியவர் ஒருவர் சொல்லட்டும். இராவணா எல்ல நீர்வீழ்ச்சியில் நிறுத்திப் படம் எடுக்கலாம், வழுக்குப் பாறையில் ஏறிக் குளிக்க வேண்டாம். வாந்தி வருகிற பிள்ளைகளுக்குக் கிளம்புவதற்கு முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள், முன் சீட்டில் உட்கார வையுங்கள். வெல்லவாயவில் இறங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாம், அங்கிருந்து வெக்கை தொடங்குகிறது.

சியம்பலாண்டுவ தாண்டினால் காடு. லாகுகல 1980இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். வறட்சி மாதங்களில் அங்குள்ள குளத்துப் புல்லுக்கு யானைகள் கூட்டமாக வரும், ஓகஸ்டில் போனால் ரோட்டிலிருந்தே பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. ரோட்டைத் தாண்டியும் போகும். தூரத்தில் நிறுத்தி, வண்டிக்குள்ளேயே இருந்து, ஹோர்ன் அடிக்காமல் காத்திருங்கள். இறங்கிப் போய்ப் படம் எடுப்பது, வாழைப்பழம் எறிவது இரண்டும் கூடாது. மோட்டார் சைக்கிளில் வருகிற இளைஞர்கள் மாலை ஐந்து மணிக்குப் பிறகு இந்தத் துண்டில் இருக்கவே கூடாது.

தங்குமிடம்

உல்லையில் கடலை ஒட்டிய கபானாக்கள் என்கிற குடில் அறைகள் வெளிநாட்டுக்காரரின் கைக்கு ஏற்ற விலையில் இருக்கும். ரோட்டுக்கு மறுபக்கம் உள்ள ஒழுங்கைகளுக்குள் போனால் வீட்டோடு சேர்த்து இரண்டு மூன்று அறை வாடகைக்கு விடுகிற குடும்பங்கள் இருக்கின்றன, கடலுக்கு ஐந்து நிமிட நடைதான். "குடும்பமா வந்திருக்கோம், மலையகத்திலிருந்து" என்று சொல்லித் தமிழில் பேசுங்கள். விலையில் எப்போதும் கொஞ்சம் இடம் இருக்கும், சமைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறதா என்றும் கேட்கலாம். இன்னும் குறைவாக வேண்டுமானால் பொத்துவில் டவுனிலேயே தங்கிவிட்டு முச்சக்கர வண்டியில் போய் வரலாம். அறையில் மின்விசிறி வேலை செய்கிறதா, நுளம்புவலை இருக்கிறதா, குழாயில் நல்ல தண்ணீர் வருகிறதா என்ற மூன்றையும் காசு கொடுப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள். நுவரெலியாக் குளிரில் வளர்ந்தவர்களுக்கு மின்விசிறி இல்லாமல் அங்கே ஒரு இரவு தூங்க முடியாது.

கடலில் இறங்குவதற்கு முன்

இந்தப் பகுதியை வேனில் போகும்போது சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

நம் பிள்ளைகள் ஆற்றில் குளித்தவர்கள். காசல்ரீ, மவுசாகலைக் கரையில் வளர்ந்தவர்கள் நன்றாக நீந்தவும் செய்வார்கள். அந்தத் தைரியத்தோடுதான் கடலில் இறங்குவார்கள், ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஆறு ஒரு பக்கமாக ஓடும், குளம் ஓடாமல் நிற்கும், கடல் இரண்டும் இல்லை. கரைக்கு வந்து குவிகிற அலைத் தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். அது எங்காவது ஒரு இடைவெளியைக் கண்டுபிடித்து, ஒடுங்கிய ஓடையாக உள்ளே வேகமாக இழுத்துக்கொண்டு போகும். மேலே நின்று பார்த்தால் அந்த இடத்தில்தான் அலை உடையாமல், தண்ணீர் சற்றுக் கறுத்து, அமைதியாகத் தெரியும். இரண்டு பக்கமும் நுரை அடிக்கும்போது நடுவில் மட்டும் சும்மா கிடக்கிறதே, பிள்ளைகளுக்கு அதுதான் நல்ல இடம் என்று தோன்றும். அங்கே இறங்கக் கூடாது. வந்தவுடனே இறங்காமல் பத்து நிமிடம் மணலில் உட்கார்ந்து, அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை, நுரை எந்தப் பக்கம் நகர்கிறது என்று எல்லோரும் சேர்ந்து பாருங்கள்.

அப்படியும் யாராவது இழுபட்டால், கரையை நோக்கி எதிர்த்து நீந்தவே கூடாது. எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் களைத்துப் போவார், களைப்புதான் ஆளைக் கொல்கிறது. மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கிக் காட்டி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். அந்த ஓடை அகலம் குறைந்தது, அதைவிட்டு வெளியே வந்துவிட்டால் அலையே கரைக்குத் தள்ளும். கரையில் நிற்கிறவர் பதறிப்போய்ப் பின்னால் குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டாவது ஆளும் போன கதைகள் இந்த நாட்டில் நிறைய. மூடி இறுக்கிய வெறும் ஐந்து லீட்டர் தண்ணீர் கேன் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், அதை எறிந்தால் பிடித்து மிதக்கலாம். சத்தம் போட்டு மீனவர்களையோ பலகையில் அலை ஏறுகிற சர்ஃபிங் பொடியன்களையோ கூப்பிடுங்கள், அந்தத் தண்ணீர் அவர்களுக்குத் தெரியும். அவசரத்துக்கு அம்பியூலன்ஸ் 1990, பொலிஸ் 119.

எங்கே குளிப்பது? வளைகுடாவின் தெற்கு முனையில் வெளிநாட்டுக்காரர் பலகையோடு நிற்கிற 'மெயின் பொயின்ட்' பக்கம் நமக்கு வேண்டாம், அடியில் கூரான பாறை, அலையும் பெரிது. அந்த முனைக்கு உட்பக்கமாக, வளைவுக்குள் இருக்கிற 'பேபி பொயின்ட்' பகுதியில் மணல் தரை, அலையும் தணிந்து வரும். அங்கேயும் அன்றைய கடலைப் பற்றி ஒருவரிடம் கேட்டுவிட்டே இறங்க வேண்டும், சிவப்புக் கொடி நட்டிருந்தால் இறங்கவே வேண்டாம். களப்பு கடலோடு சேர்கிற முகத்துவாரத்தில் இழுவை அதிகம், களப்புக்குள் முதலை உண்டு. இரண்டு இடத்திலும் காலைக்கூட வைக்காதீர்கள்.

நேரம் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. சூரியன் கடலிலிருந்தே எழும்புகிற கரை அது, ஐந்தே முக்காலுக்கு எழுந்து போய்விடுங்கள். பத்து மணிக்குப் பிறகு காற்று எழும்பும், வெயிலும் தாங்காது. நம் ஊர் வெயிலில் பகல் முழுக்க மலையில் நிற்கிற உடம்புதானே என்று நினைக்காதீர்கள். அந்த மணலும் தண்ணீரும் வெயிலைத் திருப்பி அடிக்கும், தோல் உரிந்துவிடும். தொப்பி, முழுக்கைச் சட்டை, நிறையத் தண்ணீர், கிடைக்கிற இடத்திலெல்லாம் இளநீர். சர்க்கரை வியாதி, பிரஷர் உள்ள பெரியவர்களை மதியத்தில் அறையில் படுக்க வையுங்கள்.

பெண்கள் உடுப்பு விஷயத்தைக் கவனியுங்கள். சேலையோ துப்பட்டாவோடு கூடிய சுடிதாரோ நனைந்தால் கல் மாதிரி கனக்கும், அலையில் காலைச் சுற்றிக்கொள்ளும். உடம்போடு ஒட்டிய நீளக் காற்சட்டையும் டீ சேர்ட்டும் போட்டால் மறைவும் இருக்கும், ஆபத்தும் குறையும். பாட்டி சேலையோடுதான் வருவேன் என்றால் கணுக்கால் அளவுத் தண்ணீரில் உட்கார வைத்து, பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள், அந்தச் சந்தோஷம் அவருக்குப் போதும். நீந்தத் தெரியாத எல்லோருக்கும் எல்லை முழங்கால் அளவுதான். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும் வரை ஒரு பெரியவர் நனையாமல், போனைப் பார்க்காமல், கரையில் நின்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். முறை வைத்து மாறிக்கொள்ளுங்கள். குடித்தவர் எவரும் அன்றைக்குக் கடலில் இறங்கக் கூடாது. இதில் மாமா, மச்சான் என்று முகம் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. கடல் திடீரென்று வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கி, தரை தெரிந்தால் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையை விட்டு உள்ளே, மேட்டுக்கு ஓடுங்கள். 2004இல் இது தெரியாமல் இறந்தவர்கள் ஏராளம்.

சாப்பாடு

தோட்டத்துக் கடையில் நமக்குக் கிடைக்கிற மீன் டின்மீனும் நெத்தலிக் கருவாடும்தான், டவுனுக்கு வருகிற மீனும் ஐஸில் கிடந்து வருகிறது. அங்கே காலையில் கரைவலை இழுக்கிற நேரத்துக்குப் போனால் துடிக்கிற மீனைப் பார்க்கலாம், பிள்ளைகள் கயிறு பிடித்து இழுக்கவும் சில இடங்களில் விடுவார்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பாரை, சூரை, கணவாய் என்று அன்றைக்குப் படுவதை அங்கேயே வாங்கி, தங்குகிற வீட்டில் கொடுத்தால் ஆக்கித் தருவார்கள், கூலி முன்னால் பேசிக்கொள்ளுங்கள். கடற்கரை ரெஸ்டூரண்டுகளைவிடப் பொத்துவில் டவுன் கடைகளில் சோறு கறி, இடியப்பம், பராட்டா எல்லாம் நம் விலைக்கு வரும். முஸ்லிம் கடைகளே அதிகம், வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் மதியம் பல கடைகள் பூட்டியிருக்கும், அதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். டவுனுக்குள் போகும்போது ஈர உடுப்போடும் அரைக் காற்சட்டையோடும் போக வேண்டாம். அந்த ஊர் மக்கள் எதுவும் சொல்லமாட்டார்கள், ஆனாலும் கடற்கரை வேறு, அவர்களுடைய கடைத்தெரு வேறு.

சமைத்துக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் தேங்காய்ச் சம்பலும் பாற்கறியும் கொண்டுபோகாதீர்கள், அந்த வெக்கையில் மதியத்துக்குள் புளித்துவிடும். ரொட்டி, கட்டச் சம்பல், புளிச்சோறு தாங்கும். சாப்பிட்ட வாழையிலை, பொலித்தீன், போத்தல் எல்லாவற்றையும் ஒரு உரப்பையில் கட்டி, தங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள், மணலில் புதைக்காதீர்கள்.

இரண்டாம் நாள்

காலைக் குளியல் முடிந்ததும் என்ன செய்வது என்பது உங்களுடைய கூட்டத்தைப் பொறுத்தது.

கோயிலுக்குப் போகாமல் திரும்பினால் பாட்டிக்கு மனம் ஆறாது என்றால் உகந்தை முருகன். அறுகம்குடாவிலிருந்து பாணமை வரை போய், அதற்கும் அப்பால் காட்டுப் பாதையில் போக வேண்டும். குமண தேசியப் பூங்காவின் வாசலும் அங்கேதான். முருகன் கல்லோடத்தில் வந்து கரையிறங்கிய இடம் என்பது ஐதீகம், கோயிலும் பாறையும் கடலும் ஒரே பார்வைக்குள் வரும். கதிர்காமத்துக்கு நாம் வெல்லவாய, புத்தல வழியாக பஸ்ஸில் போகிறோம். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் நடந்து வருகிற அடியார்கள் இந்த உகந்தை வந்துதான் காட்டுக்குள் இறங்கிக் கதிர்காமம் சேர்கிறார்கள். ஆடிவேல் காலத்தை ஒட்டிப் போனால் அவர்களைப் பார்க்கலாம், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கோ தண்ணீருக்கோ உங்களால் முடிந்ததைக் கொடுக்கலாம். யானைக் காடு அது, போன் சிக்னலும் சரியாகக் கிடைக்காது. காலையில் போய் மதியம் மூன்று மணிக்குள் பாணமைக்குத் திரும்பிவிடுங்கள், வழியில் இறங்கி நடக்காதீர்கள்.

பிள்ளைகள் பலகை ஏறிப் பார்க்க ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். பேபி பொயின்டில் உள்ளூர்ப் பொடியன்கள் கற்றுக்கொடுக்கிறார்கள், தமிழில் சொல்லிக்கொடுக்கிறவர்கள் கிடைப்பார்கள், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு, பலகையும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளும் போகட்டும். இலங்கையின் முதல் பெண்கள் சர்ஃபிங் கழகம் 2018இல் தொடங்கியது இதே அறுகம்குடாவில்தான், அந்த ஊர்த் தாய்மாரும் அதில் இருக்கிறார்கள். செங்குத்து மலையில் கொழுந்துக் கூடையோடு நடந்து பழகிய அம்மாவின் மகளுக்குக் கால் ஊன்றி நிற்பது வராமல் போகாது.

ஓய்வாக இருக்க விரும்புகிறவர்களுக்குப் பொத்துவில் களப்பில் படகுச் சவாரி உண்டு, மீனவர்களே துடுப்புப் போட்டுக் கண்டல் காட்டுக்குள் கூட்டிப் போவார்கள், பறவைகள் நிறைய, அதிர்ஷ்டம் இருந்தால் கரையில் யானையும். மாலைக்கு யானைப் பாறை. கிழக்குக் கரையில் சூரியன் கடலுக்குள் மறையாது, தரைப் பக்கம்தான் மறையும், அந்தப் பாறை மேல் ஏறினால் அதைப் பார்க்கலாம். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள், யானை உண்மையாகவே வரும் இடம்.

திரும்புகிற நாள்

காலையில் இன்னொரு முறை கடலைப் பார்த்துவிட்டு, நல்ல தண்ணீரில் தலைக்கு ஊற்றிக் குளித்து, பத்து மணிக்குக் கிளம்பிவிடுங்கள். மதியம் கழித்துக் கிளம்பினால் வெல்லவாயவிலேயே மாலையாகிவிடும், அப்புறம் அந்த ஏற்றத்தை இருட்டில், அல்லது மூடுபனியில் ஏற வேண்டியிருக்கும். பஸ்ஸில் திரும்புகிறவர்கள் மொனராகலையிலிருந்து மேலே ஏறுகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று வந்த அன்றே கேட்டுக் குறித்து வைத்திருக்க வேண்டும். கருவாடு வாங்குகிறவர்கள் நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து, கடதாசியில் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் பையில் இறுகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார். பச்சை மீன் வேண்டாம், ஐஸ் பெட்டி இல்லாமல் அது வீடு வரை தாங்காது. பிள்ளைகளின் ஸ்வெட்டரைப் பையின் அடியில் போடாமல் மேலேயே வையுங்கள், எல்லயைத் தாண்டும்போது கேட்பார்கள்.